பங்காளிகளும் ஒரு தாடிக்காரரும்: வூர்ட்டம்பெர்க் எபர்ஹார்டின் குடும்பம் (விவாத இழை)

தாழி

நண்பர்களே, ரொம்ப நாளாக எழுத நினைத்த இழை இது. 15-ஆம் நூற்றாண்டில் தென்மேற்கு ஜெர்மனியின் வூர்ட்டம்பெர்க் நாட்டை ஆண்ட எபர்ஹார்ட் என்ற கோமகனைப் பற்றியது. ஜெர்மன்காரர்கள் ‘தாடி வைத்த எபர்ஹார்ட்’ என்பார்கள். 1445 டிசம்பர் 11-ல் உராக் என்ற சிற்றூரில் பிறந்தார். 1496 பிப்ரவரி 24-ல் ட்யூபிங்கனில் இறந்தார். ஐம்பது வயதுதான்.

இவரைப் பற்றி ஊருக்கெல்லாம் தெரிந்த கதை ஒன்று உண்டு. வோர்ம்ஸ் நகரில் பிரபுக்கள் கூடியிருக்கிறார்கள். ஒருவர் தன் வெள்ளிச் சுரங்கத்தைச் சொல்கிறார், இன்னொருவர் தன் பெரிய நகரங்களைச் சொல்கிறார். எபர்ஹார்டோ, “என் நாட்டில் எந்தக் காட்டிலும் எந்தக் குடிமகன் மடியிலும் நான் பயமில்லாமல் தலைசாய்த்துத் தூங்குவேன்” என்கிறார். மற்றவர்கள் “நீரே பெரும் செல்வந்தர்” என்று ஒத்துக்கொள்கிறார்கள். 1818-ல் யுஸ்டினுஸ் கெர்னர் இதைப் பாட்டாக்கினார். அது வூர்ட்டம்பெர்க்கின் நாட்டுப்பாட்டு போலவே ஆகிவிட்டது. ஸ்டுட்கார்ட் பூங்காவில் இடையன் மடியில் தலைவைத்துப் படுத்திருக்கும் எபர்ஹார்டின் சிலையும் உண்டு.

எனக்கு அந்தப் பாட்டைவிட அவருடைய வீட்டுக் கதைதான் முக்கியம். அந்நியன் மடியில் தூங்கலாம் என்ற மனிதர், ஆயுசு முழுக்க சொந்தப் பங்காளிகளோடு மல்லுக்கட்டியிருக்கிறார். அப்பா, சித்தப்பா, தாய்மாமன், சித்தப்பா பிள்ளைகள் என்று எல்லாரும் கதையில் வருகிறார்கள். தனக்கென்று வாரிசே இல்லாத ஒருவர், இரண்டாகப் பிரிந்த சொத்தை ஒன்றாக்கி, இனி யாரும் பிரிக்கவே கூடாது என்று எழுதி வைத்துவிட்டுப் போனார். ஏன் செய்தார், அதற்கு யார் என்ன விலை கொடுத்தார்கள் என்று பேசலாம்.

கணக்குப்பிள்ளை

நல்ல இழை தம்பி. நான் முப்பது வருஷம் பத்திரம் எழுதிப் பிழைத்தவன், அதனால் எனக்கு இந்தக் கதை பத்திரங்களாகத்தான் கண்ணுக்குத் தெரிகிறது. எபர்ஹார்டில் தொடங்காமல் ஒரு தலைமுறை முன்னால் போக வேண்டும்.

தாத்தா நான்காம் எபர்ஹார்ட் 1419-ல் இறந்தபோது பிள்ளைகள் லூட்விக்கும் உல்ரிக்கும் சின்னப் பையன்கள். பாட்டி ஹென்றியெட் மொம்பெல்கார்டுக்குச் சொந்தக்காரி. பிரெஞ்சு பேசும் அந்தக் கோமகப் பகுதி அவள் தாய்வீட்டுச் சொத்தாக இந்தக் குடும்பத்துக்கு வந்தது. பையன்கள் வளர்ந்து கொஞ்ச காலம் கூட்டாகவே ஆண்டார்கள். கல்யாணம் ஆனதும் பாகம் கேட்டார்கள். 1442-ல் நூர்ட்டிங்கனில் பாகப்பிரிவினை. மூத்தவர் லூட்விக்குக்கு உராக், ட்யூபிங்கன் பக்கம். இளையவர் உல்ரிக்குக்கு ஸ்டுட்கார்ட் பக்கம். பாட்டி 1444-ல் காலமானதும் மொம்பெல்கார்டையும் மூத்தவரே எடுத்துக்கொண்டு, தம்பிக்கு ஈடாக 40,000 கில்டர் (அக்காலப் பொற்காசு) கொடுத்தார்.

ஆக எபர்ஹார்ட் பிறந்தபோதே வீடு இரண்டு. உராக் வீட்டில் பிழைத்து வளர்ந்த ஆண்பிள்ளைகளில் அவர் இரண்டாமவர். பட்டத்துக்கு நினைத்து வளர்க்கப்பட்டவர் இல்லை.

வைகறை

ஐயா, ஒரே பெயர் திரும்பத் திரும்ப வருவதால் குழம்புகிறது. எபர்ஹார்டின் அப்பா லூட்விக், அண்ணனும் லூட்விக் தானே? அப்பா எப்போது இறந்தார்? கார்டியன் யார்?

தாழி

ஆமாம் வைகறை, இரண்டு பேரும் லூட்விக்தான். அப்பா 1450-ல் கொள்ளைநோயில் போனார். எபர்ஹார்டுக்கு அப்போது ஐந்து வயதுகூட நிறையவில்லை. அண்ணன் இரண்டாம் லூட்விக் வலிப்பு நோய்க்காரர், 1457-ல் பதினெட்டு வயதில் இறந்தார். பன்னிரண்டு வயது நிறையாத எபர்ஹார்ட் வாரிசானார்.

மைனர் சொத்துக்கு இரண்டு பேர் வந்து நின்றார்கள். ஒருவர் ஸ்டுட்கார்ட் சித்தப்பா உல்ரிக். இன்னொருவர் அம்மாவின் தம்பி ஃப்ரீட்ரிக், ரைன் பக்கத்துப் பலாட்டினேட்டை ஆண்ட தாய்மாமன். இந்த இழுபறியில்தான் 1457 நவம்பரில் லேயோன்பெர்க்கில் உராக் பகுதியின் நகரப் பிரதிநிதிகளைக் கூட்டினார்கள். வூர்ட்டம்பெர்க்கில் மக்கள் தரப்பு கூடிய மிக முந்தைய கூட்டங்களில் ஒன்று. கூட்டம் சித்தப்பா பக்கம் சாய்ந்தது. ஆனால் 1459 டிசம்பரில், பதினான்கு முடிந்த கையோடு பையன் எஸ்லிங்கனுக்குப் போய், இனி நானே ஆள்கிறேன் என்று அறிவித்துவிட்டார். பின்னால் தாய்மாமனின் பலம் இருந்தது.

அதோடு நிற்கவில்லை. 1462-ல் ஸெக்கன்ஹைம் சண்டையில் அதே தாய்மாமன் அதே சித்தப்பாவைச் சிறைபிடித்தார். விடுதலைக்கு ஒரு லட்சம் கில்டர். அப்பா வழியும் அம்மா வழியும் போர்க்களத்தில் நேருக்கு நேர் நின்றதை எபர்ஹார்ட் பதினாறு வயதில் பார்த்தார். அவர் பின்னாளில் ஏன் பத்திரங்கள்மேல் அவ்வளவு அக்கறை வைத்தார் என்பதற்கு எனக்கு இதுவே போதுமான பதில்.

கயல்

நான் அம்மாவைப் பற்றிப் பேசியே ஆக வேண்டும். மெக்தில்ட் 1419-ல் பிறந்தவர், ஹைடல்பெர்க் அரண்மனைப் பெண். முப்பத்தொரு வயதில் விதவை. இரண்டு வருஷத்தில் ஆஸ்திரிய ஆல்பிரெக்டை மறுமணம் செய்துகொண்டார். 1457-ல் ஃப்ரைபுர்க் பல்கலைக்கழகத்தை நிறுவியவர் இந்த ஆல்பிரெக்ட். அதில் மெக்தில்டின் தூண்டுதல் உண்டு என்பார்கள். 1463-ல் மறுபடி விதவை. அதற்குப் பிறகு ரோட்டன்புர்கில் தனக்கென ஓர் அவை நடத்தினார். எழுத்தாளர்களும் மொழிபெயர்ப்பாளர்களும் அங்கே வந்து போனார்கள்.

எனக்குப் பிடித்த ஒரு தகவல். ஒரு பவேரிய நைட் 1462-ல் அவருக்குச் செய்யுளில் கடிதம் எழுதினார். மெக்தில்ட் தன்னிடமுள்ள 94 நூல்களின் பட்டியலை அவருக்கு அனுப்பியிருந்தார். நூல் சேர்ப்பதில் பெயர்பெற்ற அந்த மனிதர், அதில் 23 நூல்கள் தனக்குத் தெரியாதவை என்று ஒத்துக்கொள்கிறார். அச்சு இயந்திரம் அப்போதுதான் தலையெடுக்கிறது, ஒவ்வொரு நூலும் கையால் எழுதியது. அந்த எண்ணிக்கையை அப்படி வைத்துப் பாருங்கள்.

அவருடைய மகனுக்கு லத்தீன் சொல்லித்தரவே இல்லை! ஆசிரியர் ஃபெர்கன்ஹான்ஸ் பெரிய படிப்பாளி. ஆனாலும் பையனுக்கு லத்தீன் வேண்டாம் என்பது வீட்டார் முடிவு. எபர்ஹார்ட் அதற்காகப் பின்னால் வருந்தினார். ஆளாளுக்குச் சொல்லி லத்தீன் நூல்களை ஜெர்மனில் பெயர்க்க வைத்தார். 1477-ல் ட்யூபிங்கன் பல்கலைக்கழகத்தைத் தொடங்கியதும் இவர்தான். அந்த ஃபெர்கன்ஹான்ஸ்தான் அதன் முதல் ரெக்டர், அதாவது தலைவர். தனக்கு மறுக்கப்பட்ட படிப்பை ஊருக்குக் கட்டிக் கொடுத்தார் என்றுதான் எனக்குப் படுகிறது. பின்னால் அம்மாவின் கை இருந்தது என்று நம்புகிறேன்.

நெக்கர்க்கரை

கயல் அக்கா, நான் பதினோரு வருஷமாக ட்யூபிங்கன் பக்கம் இருக்கிறேன். பல்கலைக்கழகம் இன்றும் எபர்ஹார்டின் பனையைத்தான் சின்னமாக வைத்திருக்கிறது. 1468-ல் அவர் ஜெருசலேமுக்கு யாத்திரை போய், திருக்கல்லறைக் கோயிலில் நைட் பட்டம் பெற்று வந்தார். திரும்பி வந்து எடுத்துக்கொண்ட சின்னம் பேரீச்சம்பனை. கூடவே லத்தீனில் ‘அட்டெம்ப்டோ’ என்ற சொல், ‘நான் முயல்கிறேன்’ என்று பொருள். தாடியும் அந்த யாத்திரையிலிருந்து வந்ததுதான் என்பார்கள். உராக் கோயிலில் 1472-ல் செதுக்கிய அவருடைய மரப் பிரார்த்தனை இருக்கை இருக்கிறது. பக்கத்தில் நின்றால் உளிவேலை ஒவ்வொன்றும் தெரியும்.

ட்யூபிங்கன் ஸ்டிஃப்ட் கோயிலின் பலிபீடப் பகுதிக்குள் போனால் குடும்பமே கல்லில் படுத்திருக்கிறது. மெக்தில்டும் லூட்விக்கும் அங்கே இருக்கிறார்கள். மெக்தில்டின் உருவம் உல்ம் நகரச் சிற்பி ஹான்ஸ் முல்ட்ஷர் பட்டறை வேலை என்பார்கள். உடையின் மடிப்புகள் கல் என்றே தோன்றாது. அவர்களை முதலில் அடக்கியது உராக் அருகே குட்டர்ஷ்டைன் மடத்தில். மதச் சீர்திருத்தத்துக்குப் பிறகு மடம் போய்விட்டது, 1554-ல் இங்கே கொண்டுவந்தார்கள். மறுமணம் செய்துகொண்டவர், சாகும்போது முதல் கணவர் பக்கத்தில் வைக்கச் சொன்னார். நான் ஒவ்வொரு தடவையும் அங்கே கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் வருவேன்.

பார்பராவின் கல்லறை மட்டும் அங்கே இல்லை.

கயல்

பார்பராவைத்தான் அடுத்து எழுத நினைத்தேன் தம்பி.

பார்பரா கொன்சாகா, இத்தாலியின் மான்டுவா இளவரசி. 1455 டிசம்பர் 11-ல் பிறந்தவர், கணவருக்குச் சரியாகப் பத்து வயது இளையவர், பிறந்த தேதியும் ஒன்றே. அம்மா பிராண்டன்புர்க் வீட்டு ஜெர்மன்காரி. மான்டுவா அரண்மனையின் ஓர் அறை முழுக்க ஓவியர் மான்டெக்னா இந்தக் குடும்பத்தைத் தீட்டி 1474-ல் முடித்தார். அம்மாவின் அருகே நிற்கும் இளம்பெண் இவர்தான் என்று அடையாளம் காட்டுவார்கள். ஓவியம் முடிந்த அதே ஆண்டு பெண் ஆல்ப்ஸ் மலை தாண்டி உராக்குக்கு வந்து சேர்ந்தார்.

ஜூலையில் கல்யாணம். பதினாலாயிரம் பேருக்கு விருந்து நடந்தது என்று பழைய வரலாறுகள் சொல்கின்றன. உராக் எவ்வளவு சின்ன ஊர் என்று நெக்கர்க்கரைக்குத் தெரியும்.

1475-ல் ஒரு பெண்குழந்தை பிறந்தது. அதற்கும் பார்பரா என்றே பெயர். அதே ஆண்டு இறந்துபோனது. அதற்குப் பிறகு குழந்தையே இல்லை. கணவருக்குக் கல்யாணத்துக்கு முன்பே வேறு வழியில் பிள்ளைகள் இருந்தார்கள், அவர்கள் பட்டத்துக்கு வர முடியாது. வாரிசு தரவில்லை என்று அரண்மனை முழுக்க யாரைப் பார்த்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. தாய்வீட்டோடு நடந்த கடிதப் போக்குவரத்து மிஞ்சியிருக்கிறது. தாயோ மகளோ உயிரோடிருக்கும்வரை மறுபடி நேரில் பார்த்துக்கொள்ளவே இல்லை.

எபர்ஹார்ட் இறந்ததும் பொபிலிங்கனில் விதவையாக ஏழு வருஷம் இருந்து 1503-ல் போனார். கிர்க்ஹைமில் டொமினிக்கன் கன்னியர் மடத்தில் அடக்கம். அந்தக் கல்லறை இன்று இல்லை. எபர்ஹார்டைப் பற்றிய பாட்டிலும் சிலையிலும் இந்தப் பெண்ணுக்கு இடமே இல்லையென்பது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது.

வைகறை

பல்கலைக்கழகத்தைப் பெருமையாகப் பேசினீர்கள். மறுபக்கத்தையும் சொல்லுங்கள். 1477 அக்டோபரில் எபர்ஹார்ட் அந்தப் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்த உரிமைப் பத்திரத்திலேயே, ட்யூபிங்கனில் யூதர்கள் குடியிருக்கக் கூடாது என்று எழுதியிருக்கிறது. 1492 உயிலில் அதை நாடு முழுவதற்கும் நீட்டினார். 1498-ல் அது ஆட்சி ஒழுங்கிலேயே ஏறி, அங்கே முந்நூறு வருஷம் நிலைத்த விலக்காகிவிட்டது. யார் மடியிலும் தலைவைத்துத் தூங்குவேன் என்ற பாட்டு, துரத்தப்பட்டவர்களைக் கணக்கில் சேர்க்கவில்லை.

தாழி

நீங்கள் சொன்னது முழுக்கச் சரி வைகறை. முதல் பதிவிலேயே நான் எழுதியிருக்க வேண்டும். “அந்தக் காலத்தில் எல்லாரும் அப்படித்தான்” என்று சிலர் சமாதானம் சொல்வார்கள், நான் சொல்ல மாட்டேன். அதே மனிதரின் ஆலோசகராக இருந்தவர் யோகன்னஸ் ராய்க்லின், 1482-ல் அவரோடு ரோமுக்கும் போனவர். அந்த ராய்க்லின்தான் பின்னாளில் யூத நூல்களை எரிக்கக் கூடாது என்று வாதாடி, அதற்காகப் பல வருஷம் வழக்கில் சிக்கியவர். அதே அவையில், அதே தலைமுறையில், வேறு மாதிரி யோசிக்க முடிந்திருக்கிறது. பல்கலைக்கழகமும் விலக்கும் ஒரே கையிலிருந்து, ஒரே ஆண்டில் வந்தவை.

கணக்குப்பிள்ளை

பேசியது நல்லது தம்பிகளா. இனி நான் முன்சிங்கனுக்கு வருகிறேன். இந்த இழையின் நடுத்தூண் அதுதான்.

சித்தப்பா உல்ரிக் 1480-ல் மறைந்தார். ஸ்டுட்கார்ட் பங்கு அவர் மூத்த மகனுக்கு வந்தது. அவர் பெயரும் எபர்ஹார்ட், ‘இளையவர்’ என்று சேர்த்துச் சொல்வார்கள். கடனாளி, நிர்வாகம் வராது. 1482 டிசம்பர் 14-ல் முன்சிங்கனில் ஒப்பந்தம். இரண்டு பங்கும் ஒன்றாகும், இனி பிரிக்கப்படாது, மூத்த எபர்ஹார்ட் மட்டும் ஆள்வார், அவருக்குப் பின் குடும்பத்தில் வயதில் மூத்தவர். நம் ஊர்க் கணக்கில் சொன்னால், இளையவர் விடுதலைப் பத்திரம் எழுதிக்கொடுத்துப் பராமரிப்பு வாங்கிக்கொண்டார். தலைநகர் ஸ்டுட்கார்டுக்குப் போனது.

இதன் அருமை பக்கத்து வீடுகளைப் பார்த்தால் தெரியும். மூன்றே வருஷத்தில், 1485-ல், சாக்ஸனி அண்ணன் தம்பி எர்ன்ஸ்டும் ஆல்பிரெக்டும் லைப்சிக்கில் நாட்டைப் பிரித்தார்கள். அந்தப் பிளவு கடைசிவரை ஒட்டவே இல்லை. பவேரியாவில் பங்காளிச் சண்டை 1504-ல் போராகி ஊர் ஊராக எரிந்து, அதன்பிறகு 1506-ல்தான் ‘இனி மூத்தவருக்கே’ என்று சட்டம் போட்டார்கள். வூர்ட்டம்பெர்க் 24 வருஷம் முந்திக்கொண்டது.

பிறகு இளையவர் மனம் மாறி இழுத்துப் பார்த்தார். 1485-ல் ஸ்டுட்கார்டில் ஒரு பத்திரம், 1492-ல் எஸ்லிங்கனில் இன்னொன்று. கடைசிப் பத்திரத்தில் மூத்தவர் ஒரு பூட்டு போட்டார். தனக்குப் பின் இளையவர் வந்தாலும் தனியாக ஆள முடியாது. மடாதிபதிகள், நைட்டுகள், நகரத்தார் என்று பன்னிரண்டு பேர் சபை கூடவே இருக்கும். 1495 ஜூலை 21-ல் வோர்ம்ஸில் புனித ரோமப் பேரரசின் மன்னர் மாக்ஸிமிலியான் இவரை டியூக் ஆக்கினார். அதிலும் ஆண்வழி அற்றுப்போனால் நாடு பேரரசுக்குப் போகும் என்ற ஷரத்து ஏறியது. ஏழு மாதம்தான் அந்தப் பட்டத்தோடு இருந்தார்.

1496-ல் இளையவர் டியூக் ஆனார். இரண்டே வருஷத்தில், 1498-ல், அந்தச் சபையும் பிரதிநிதிகளும் சேர்ந்து அவரை இறக்கிவிட்டார்கள். பூட்டு வேலை செய்தது.

வைகறை

அப்படியானால் 1498-ல் யார்? இளையவருக்கும் பிள்ளை இல்லையே.

தாழி

அங்கேதான் ஹைன்ரிக் வருகிறார். இளையவரின் தம்பி, 1448-ல் பிறந்தவர். எனக்கு இந்தக் குடும்பத்திலேயே மனசைப் பிசைகிற ஆள் இவர்தான்.

1473-ல் உராக் ஒப்பந்தத்தில் ஹைன்ரிக்குக்கு மொம்பெல்கார்ட் கொடுத்தார்கள். மறு ஆண்டே பர்கண்டியின் ‘துணிச்சல்கார’ சார்ல்ஸ் அவரைப் பிடித்துக்கொண்டார். மொம்பெல்கார்ட் கோட்டையைச் சரணடைய வைக்க, கோட்டைச் சுவருக்கு எதிரே ஹைன்ரிக்கை மண்டியிட வைத்து, கழுத்தை வெட்டப்போவதாகக் காட்டினார்கள். கோட்டைத் தளபதி அசையவில்லை. கழுத்து தப்பியது, மனசு தப்பவில்லை. 1477 வரை சிறை. வெளியே வந்தவர் பழைய ஆளாக இல்லை.

1487-ல் அல்சாஸ் பகுதியில் ரைஷன்வையரில் அவருக்கு ஆண்குழந்தை. பிள்ளை பெற்ற சில நாளில் தாய் இறந்தாள். வாரிசில்லாத எபர்ஹார்ட் குழந்தையை ஸ்டுட்கார்டுக்கு வாங்கிக்கொண்டார். குடும்பத்தின் அடுத்த தலைமுறையில் அப்போது அந்த ஒரே பையன்தான். 1490-ல் தகப்பனையும் பிடித்து, மனநிலை சரியில்லை என்று ஹோஹெனுராக் கோட்டையில் அடைத்தார். 1498-ல் பதினொரு வயதில் டியூக் ஆக்கப்பட்ட உல்ரிக், அந்தப் பிள்ளைதான்.

கயல்

தாழி, ‘அடைத்தார்’ என்று ஒரு சொல்லில் கடந்துவிடாதீர்கள். 29 வருஷம். 1519-ல் அங்கேயே செத்தார். இதுதான் ‘பிரிக்கக் கூடாது’ என்ற பத்திரத்துக்குக் குடும்பம் கொடுத்த விலை. கேட்பாரற்ற ஓர் ஆள், பாகம் கேட்கக்கூடியவர், மலைமேல் பூட்டப்பட்டார்.

கணக்குப்பிள்ளை

அம்மா, அவர் கையில் நாடு இருந்திருந்தால் எத்தனை பேர் நொந்திருப்பார்கள் என்பதும் உண்டு. அந்தக் காலத்தில் பித்துப்பிடித்த பிரபுவைக் குடும்பம் அடைத்து வைப்பது வழக்கம்தான்.

கயல்

வழக்கம் என்பது தெரியும் ஐயா. அவருடைய இரண்டாவது மனைவி எஃபா, ஸால்ம் வீட்டுப் பெண், 1488-ல் கல்யாணம். இரண்டே வருஷத்தில் கணவர் கைதி. அவள் தாய்வீட்டுக்குப் போகவில்லை. கோட்டைக்குள் கணவரோடு இருந்தாள். இந்தக் குடும்பத்தில் ஹைன்ரிக்கை மனுஷனாக நடத்தியவள் அவள்தான் என்று நினைக்கிறேன்.

நெக்கர்க்கரை

இங்கே நான் ஒன்று சேர்க்க வேண்டும். ஹோஹெனுராக் இன்று இடிபாடு. உராக் ஊருக்கு மேலே, செங்குத்தான காட்டுப்பாதையில் ஏற வேண்டும். மேலே கூரை இல்லாத சுவர்கள், உள்ளே மரங்கள். கீழே உராக் அரண்மனைக் கூரை தெரியும், எபர்ஹார்ட் பிறந்து, பார்பராவை மணந்த இடம்.

அந்தச் சுவர்களுக்குள் 1498 பிப்ரவரியில் எஃபாவுக்கு ஒரு மகன் பிறந்தான், கேயோர்க். தகப்பன் கைதியாக இருந்தபோது, கோட்டைக்குள்ளேயே.

சிறுவயதில் டியூக்கான உல்ரிக்கின் வழி பேரனோடு நின்றுவிட்டது. பேரன் லூட்விக் 1593-ல் வாரிசில்லாமல் இறந்தார். எபர்ஹார்டின் டியூக் பட்டத்தோடு ஏறிய ஷரத்துப்படி ஆண்வழி அற்றால் நாடே கைமாற வேண்டிய நிலை. அப்போது மொம்பெல்கார்டிலிருந்து வந்து டியூக் ஆனவர் ஃப்ரீட்ரிக், கேயோர்கின் மகன். அங்கிருந்து 1918 வரை வூர்ட்டம்பெர்க்கை ஆண்ட ஒவ்வொரு டியூக்கும் ஒவ்வொரு அரசரும் அந்தக் கோட்டைக்குள் பிறந்த குழந்தையின் வழி வந்தவர்களே.

தாழி

இதை இப்படி வரிசையாக வைத்து நான் பார்த்ததே இல்லை, நெக்கர்க்கரை.

கடைசியாக எபர்ஹார்டின் அடக்கம். ஷோன்புக் காட்டுக்குள் ஐன்ஸீடல் என்ற இடத்தில் 1492-ல் அவர் ஒரு சமய இல்லம் தொடங்கினார். பாதிரிமார் பன்னிரண்டு, பிரபு குலத்தார் பன்னிரண்டு, சாதாரண நகரத்தார் பன்னிரண்டு பேர், எல்லாரும் ஒரே கூரையின் கீழ். டியூக் பட்டத்தைப் பெற்றவர், அந்த இல்லத்தாரின் நீல உடையைப் போர்த்தித் தன்னை அங்கேயே அடக்கச் சொன்னார். 1537-ல்தான் உடலை ட்யூபிங்கனுக்கு எடுத்துவந்தார்கள். எடுத்துவரச் செய்தவர் உல்ரிக், ஹைன்ரிக்கின் மகன்.

கயல்

ஹைன்ரிக் எங்கே அடக்கம் என்று தேடிப் பார்க்கப் போகிறேன். நெக்கர்க்கரை, அடுத்த தடவை கிர்க்ஹைம் பக்கம் போனால், அந்தக் கன்னியர் மடம் இருந்த இடத்தில் பார்பராவுக்கு ஏதாவது பெயர்ப்பலகை இருக்கிறதா என்று பார்த்து ஒரு படம் போடுவீர்களா?

நெக்கர்க்கரை

சனிக்கிழமை போகிறேன் அக்கா.